நாகம்மா என்று அழைக்க நாணுவதேன்?

சென்ற ஆனி மாதம் நயினாதீவுத் தேர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். குறிகாட்டுவான் துறையில் வள்ளத்துக்காகக் காத்து நின்ற கூட்டத்தில், எமக்கருகே ஒரு தாயும் மகளும் நின்றனர். மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கலாம். நெரிசலில் பிள்ளை சற்று விலகிப் போகவே, தாய் உரத்த குரலில், "நாகம்மா!" என்று கூப்பிட்டாள். பிள்ளை ஓடி வந்தாள். வந்தவளின் முகம் சிவந்திருந்தது.

"சனத்துக்கு முன்னால அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

தாய் எம்மைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தாள். "மாமியின்ரை பேர் ஐயா. நேர்த்தி வைச்சுப் பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் பாம்பு மாதிரிச் சீறிக் காட்டுதுகளாம். இடாப்புக் கூப்பிடேக்கை ரீச்சரும் சிரிச்சுப்போட்டு, 'உந்தப் பழங்காலத்துப் பேரை ஆர் வைச்சது?' எண்டு கேட்டவவாம். அண்டையிலை இருந்து பேரை மாத்தித் தரச்சொல்லி ஒரே அழுகை."

வள்ளம் வந்தது. ஏறினோம். அக்கரையில் ஆயிரமாயிரம் மக்கள் தேர்வடம் பிடித்து, 'நாகபூஷணித் தாயே' என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அதே தாயின் பெயரைத் தாங்கிய சிறுமியோ, அந்தப் பெயர் யாருடைய செவியிலும் விழுந்துவிடக் கூடாதே என்று தாயின் முந்தானைக்குள் ஒதுங்கி நின்றாள். கல்லிலே இருந்தால் கைகூப்புகிறோம். சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தால் சிரிக்கிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

இது அற்ப விஷயம் என்று சிலர் கருதலாம். நாட்டிலே அரிசி விலையும் வேலையின்மையும் காணிப் பிரச்சினையும் கழுத்தை நெரிக்கும்போது, ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வாதாடுவானேன் என்று தோழர்களே கேட்கக்கூடும். பெயர் வெறும் ஒலிக்குறிதானே என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்வோம். நெடுந்தீவுக்குப் போய் 'குமுதினி' என்று சொல்லிப் பாருங்கள். நீர்நிலையில் இரவிலே மலரும் ஆம்பற்கொடியைக் குறிக்கும் இனிய பெண்பெயர் அது. நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடையே ஓடிய படகுக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி அந்தப் படகில் ஏறிய கடற்படையினர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அன்று முதல் அத்தீவில் அது பூவின் பெயராக மட்டும் இல்லை. ஒலிக்குறிக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது? மக்கள் பட்டதெல்லாம் பெயரிலே படிந்துகொள்கிறது என்பதே உண்மை. அவ்வாறு இரண்டாயிரம் ஆண்டுகாலம் படிந்து படிந்து உருவான பெயர்தான் நாகம்மா.

முதலில் பொருளைப் பார்ப்போம். நாகம் என்றால் பாம்பு மட்டும்தான் என்று அந்த ஆசிரியை எண்ணியிருக்க வேண்டும். தமிழ் நிகண்டுகளோ அச்சொல்லுக்குப் பாம்பு, யானை, மலை, விண்ணுலகு, சுரபுன்னை மரம், காரீயம் என்று பல பொருள் கூறுகின்றன. 'நாகு' என்றொரு சொல்லும் உண்டு. எருமை, மரை, பசு ஆகியவற்றின் பெண்ணுக்கும், நீர்வாழ்வனவற்றுள் நந்து எனப்படும் சங்கின் பெண்ணுக்கும் அது மரபுப் பெயர் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. இளமை என்பதும் அதன் பொருள். சங்கு குளித்த கடலை நாற்புறமும் கொண்ட தீவகத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருந்திய ஒலி வேறு எது? அகநானூற்றிலே பாடல் பாடிய பெண்பாற் புலவர் ஒருவரின் பெயர் அஞ்சியத்தைமகள் நாகையார். நாகனார் என்ற பெயரும் நாகராயர் என்ற பெயரும் தாங்கிய புலவர்கள் சங்கத் தொகைகளிலே இருக்கிறார்கள். இடாப்பைப் பார்த்துச் சிரித்தவர், சங்கப் புலவர் வரிசையைப் பார்த்தும் சிரிப்பாரா?

அடுத்தது வரலாறு. யாழ்ப்பாணக் குடாநாடும் அதைச் சூழ்ந்த தீவுகளும் பழங்காலத்தில் நாகதீபம் என்றே வழங்கின. 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம், 'நாகதிவ' என்று இப்பகுதியைக் குறிக்கிறது. மகாநாகன், இளநாகன், சோரநாகன் என்று அநுராதபுரத்து அரசர் பலர் இப்பெயரைத் தாங்கியிருந்தார்கள். மகாவம்சம் ஒரு கதை சொல்கிறது: மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனுமான நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகப் போர் தொடுத்தபோது, புத்தர் எழுந்தருளிச் சமாதானம் செய்துவைத்தார் என்பது அக்கதை. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்கிறது; அங்கே அத்தீவின் பெயர் மணிபல்லவம். அந்த மணிபல்லவம் நயினாதீவே என்பது தீவக மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. புளியந்தீவிலிருந்து நாள்தோறும் பூவெடுத்துக்கொண்டு கடலைக் கடந்து வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாகவும், கடல்வழி வந்த வணிகன் ஒருவன் குறுக்கிட்டு நாகத்தைக் காத்ததாகவும் கோயில் ஐதிகம் கூறுகிறது.

இந்தக் கதைகளை வரலாற்று நிகழ்ச்சிகளாக நாம் கொள்ளவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறோம். பாளியில் எழுதிய பிக்குவும், தமிழிற் பாடிய சாத்தனாரும், எழுத்தறியாத தீவகத்துக் கிழவியும் சொன்ன கதைகள் மூன்றிலும் சண்டை வருகிறது. மூன்றிலும் மூன்றாமவர் ஒருவர் வந்து சண்டையை நிறுத்துகிறார். நாகத்தின் பெயரோடு சேர்ந்து வந்த நினைவு சமாதானத்தின் நினைவாகும்.

இன்று நடப்பதென்ன? ஒரு பக்கத்தில் சிங்களப் பேரினவாதி நாகதீபம் தன் சொத்தென்கிறான். மறுபக்கத்தில் நம்மவர் சிலர் நாகர் எல்லாரும் கலப்பற்ற தமிழரே என்று பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது நயினாதீவு விகாரை தாக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு அம்மன் கோயிலும் தேர்களும் எரிந்தன. மணியாசனத்துக்கான சண்டை இன்னும் முடியவில்லை. சமாதானம் செய்துவைக்கத்தான் ஆளைக் காணோம். அத்தீவிலேயே ஒரு சாசனம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. அரசன் சிங்களத்து அரசன். சாசனமோ தமிழிலே இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்று அது பணிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், வணிகச் சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசனுக்குத் தெரிந்திருந்த மொழி நியாயம், நம் காலத்து அரசியல்வாதிகளுக்குத் தெரியவில்லை. நாகம்மா என்ற பெயரை இனப்பெருமையின் கொடியாக உயர்த்திப் பிடிக்க நாம் வரவில்லை. அந்தப் பெயர் எந்த ஓர் இனத்தின் தனிச்சொத்தாகவும் இருந்ததில்லை என்பதே அதன் பெருமை.

அரசரையும் காப்பியங்களையும் விட்டு, மக்களிடம் வருவோம். இந்தப் பெயர் எப்படிப் பிறந்தது? பனங்காணியிலும் புகையிலைத் தோட்டத்திலும் நெடுந்தீவின் முருகைக் கல்வேலி இடுக்கிலும் வெறுங்காலோடு வேலை செய்தவனுக்குப் பாம்பு நாளாந்த அச்சம். செருப்புப் போட்டவனுக்கு அந்த அச்சம் இல்லை. ஆகவே அவனுக்கு அந்த வழிபாடும் பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது. அச்சத்தை உறவாக்கிக்கொள்வது உழைக்கும் மக்களின் பழைய உத்தி. கொல்லும் ஒன்றை 'அம்மா' என்று அழைத்துவிட்டால் அது பிள்ளையைத் தீண்டாது என்று நம்பினார்கள். கொப்புளிப்பானைக் கொண்டுவந்தவளையும் மாரியம்மா என்றார்கள் அல்லவா? பிள்ளை இல்லாதவள் நயினாதீவுக்கு நேர்த்தி வைத்தாள். பிறந்த பெண்ணுக்கு நாகம்மா, நாகேஸ்வரி, நாகபூஷணி என்றும், பையனுக்கு நாகலிங்கம், நாகராசா, நாகமுத்து என்றும் பெயரிட்டாள். நாகரத்தினம் என்று ஆணுக்கும் வைத்தார்கள், பெண்ணுக்கும் வைத்தார்கள். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கரும் பெயரின் முன்பாதியை மாற்றினாலும் பின்பாதியை விடவில்லை. அன்னம்மா, மரியம்மா, லூர்தம்மா என்று அவர்கள் வீட்டிலும் அந்த 'அம்மா' வாழ்ந்தாள். மதம் பிரித்தவர்களை மொழி சேர்த்து வைத்தது.

ஆனால் இந்த இடத்தில் நின்று பெருமூச்சு விட்டுப் 'பழமையே பொன்' என்று முடித்துவிட்டால், நாம் பொய் சொன்னவர்களாவோம். ஏனெனில் அந்த 'அம்மா' எல்லாருக்கும் கிடைத்ததில்லை.

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு விதித்திருந்த தடைகளை நமது வாசகர் அறிவர். பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாது. கோயிலுக்குள் நுழையக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. அந்த வரிசையில் இன்னொரு தடையும் இருந்தது. உயர்சாதியார் வைக்கும் பெயரை வைக்கக் கூடாது. வேளாளர் வீட்டிலே நாகம்மாவாகவும் வள்ளியம்மையாகவும் வள்ளிப்பிள்ளையாகவும் வளர்ந்த பெயர், குடிமை வீட்டிலே நாகி என்றும் வள்ளி என்றும் வெட்டப்பட்டு நின்றது. கந்தசாமி கந்தனானான், செல்லம்மா செல்லியானாள். காணிக்கு எல்லை கட்டியவர்கள் பெயருக்கும் வேலி கட்டினார்கள். ஒரு பெண்ணின் பெயரிலிருந்து 'அம்மா' என்ற மூன்றெழுத்தைப் பறித்துவிட்டால், அவள் எழுபது வயதுக் கிழவியானாலும் ஏழு வயதுச் சிறுவன் அவளை, "எடி நாகி" என்று அழைக்கலாம் அல்லவா? அந்த வசதிக்காகவே அவ்வாறு செய்தார்கள்.

இது இயற்கையாக வந்த வழக்கம் அல்ல. சட்டத்தின் துணையோடு வந்தது. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, அடிமைகளை உடைமைகளோடு சேர்த்துப் பேசுகிறது. 1844ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அடிமை ஒழிந்தாலும் அடிமைப் பெயர் ஒழியவில்லை. பெயரைக் குறுக்கும் நாக்கைச் சட்டத்தால் உடனே கட்டிவிட முடியுமா? அதற்கு மக்களே எழ வேண்டியிருந்தது.

எழுந்தார்கள். 1924ஆம் ஆண்டு தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் பாடசாலைகளில் சமஆசனத்துக்கான போராட்டம் நடந்தது. அதுவரை தரையிலே இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கில் அமர்ந்தார்கள். அதைப் பொறுக்காத சாதிவெறியர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். 1931ஆம் ஆண்டு வந்த சர்வசன வாக்குரிமை, நாகிக்கும் நாகம்மாவுக்கும் ஒவ்வொரு வாக்கைக் கொடுத்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை பிறந்தது. 1957ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையைத் தெருவுக்குக் கொண்டுவர 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கோயில் வாசலிலே சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அந்த மக்களைப் பற்றி எழுதியபோது, 'இழிசனர் இலக்கியம்' என்று ஏளனம் செய்த பண்டிதர்களும் இருந்தார்கள். இழிவு மக்களிடத்தில் இல்லை, ஏளனம் செய்தவர்களின் நாக்கிலே இருந்தது என்பதை வரலாறு தீர்த்துவிட்டது.

இந்தப் போராட்டத்தின் ஒரு சிறு வெற்றி பாடசாலை இடாப்பிலே தெரிந்தது. நாகி என்று அழைக்கப்பட்டவளின் மகள் நாகம்மாவாகப் பதியப்பட்டாள். மகளின் மகள் நாகேஸ்வரியானாள். அவளுடைய மகளோ பெயரிலே சாதியின் வாடையே வீசாத வேறொரு பெயரைத் தேடிப் போனாள். அவளை நாம் குறை கூறோம். பெயரைக் கொண்டு சாதியை மோந்து பார்க்கும் ஊரிலே, மோப்பத்துக்குத் தப்புவதற்குப் பெயரை மாற்றிக்கொள்வது தற்காப்பு. 'பாட்டன் பூட்டன் பெயரை விட்டுவிட்டாளே' என்று அவளுக்கு உபதேசம் செய்ய, அந்தப் பெயரை வெட்டிக் குறுக்கியவரின் வாரிசுகளுக்கு என்ன அருகதை இருக்கிறது?

நமது குற்றச்சாட்டு அவள்மீது அல்ல. எவ்வித நிர்ப்பந்தமும் இல்லாமல், நாகரிகம் என்ற பெயரில் நாகம்மாவைக் கண்டு முகம் சுளிக்கும் நடுத்தர வர்க்கத்தார் மீதே நமது குற்றச்சாட்டு. அவர்கள் சோதிடரிடம் ஓடுகிறார்கள். நட்சத்திரத்துக்கு எழுத்து, எழுத்துக்கு எண், எண்ணுக்குக் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை ஒத்துவரவில்லையென்றால் நடுவிலே ஒரு 'ஷ', இறுதியிலே ஒரு 'ஜா'. கணக்குச் சரிவந்ததும் பெயர் தயாராகிவிடுகிறது. அந்தப் பெயருக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. பெற்றோரைக் கேட்டால் 'ஸ்ரைலாக இருக்கிறது' என்கிறார்கள். இதே பெரியோர்தாம், பாம்பை அம்மா என்றழைத்த பாட்டியை மூடநம்பிக்கைக்காரி என்று எள்ளுகிறார்கள். பாட்டியின் நம்பிக்கைக்கு அவளுடைய வெறுங்காலிலே ஒரு காரணம் இருந்தது. எண் சோதிடத்துக்கோ சோதிடனின் சட்டைப் பையைத் தவிர வேறு காரணம் இல்லை. பாட்டி பெயர் வைக்கக் காசு கொடுக்கவில்லை, பேரன் கொடுக்கிறான். முன்னேற்றம் இதுதானா?

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். புங்குடுதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பரந்து கிடக்கின்றன. 1990ஆம் ஆண்டு தீவகத்தை இராணுவம் கைப்பற்றியபோது மூட்டை முடிச்சோடு வெளியேறிய குடும்பங்கள் அவை. அந்நிய நாட்டிலே பிள்ளையின் பெயர் பிறர் வாயில் சிதையக் கூடாதே என்ற தாயின் கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் அந்நாட்டுப் பத்திரங்களுக்காகச் சுருக்கிய பெயரை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்து, ஊரிலே இருக்கும் நாகம்மாவைப் பார்த்து, 'இன்னும் இந்தப் பெயரா?' என்று கேட்பது கவலையின் பாற்பட்டதல்ல, காசின் திமிர்.

பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நயினாதீவைப் பிறப்பிடமாகக் கொண்ட நாகம்மா, புங்குடுதீவைச் சேர்ந்த நாகம்மா, வேலணையைச் சேர்ந்த நாகரத்தினம் என்று வாரந்தோறும் காண்கிறோம். அதே பத்திரிகையின் பிறந்தநாள் வாழ்த்துப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஒரு நாகம்மாவையும் காணோம். ஒரு காலத்தில் தீவகத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்த பெயர் இப்போது கட்டம் கட்டிய அறிவித்தலில் மட்டும் அச்சாகிறது.

அந்தக் கட்டத்துக்குள் அடங்கிய கிழவிகள் யார்? தீவகத்து ஆண்களிலே பலர் கடை வைத்துப் பிழைக்கத் தெற்கே கொழும்புக்கும் குருநாகலுக்கும் போனார்கள். ஊரிலே வீட்டையும் வளவையும், ஆட்டையும் மாட்டையும், மாமனையும் மாமியையும், நன்னீர்க் கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த நெடுந்தூரத்தையும் சுமந்தவர்கள் நாகம்மாக்கள். சீதன உறுதியிலே காணி அவள் பெயரில்தான் இருந்தது. பெயர் இருந்ததே தவிர அதிகாரம் இருந்ததா? 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, முதுசக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன்னுடைய சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கோயிலிலே நாகம்மாவுக்குத் தேர். கச்சேரியிலே நாகம்மாவுக்குக் கைவிலங்கு. 'பெண்ணைத் தெய்வமாக மதித்தோம்' என்று மேடையில் முழங்குகிறவர்கள், அந்த ஒரு விதி ஏன் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது என்று ஒரு முறையாவது கேட்டிருப்பார்களா?

இந்த இடத்திலே கடலுக்கு அப்பால் இரண்டு நாகம்மாக்களை நினைவு கூர்கிறோம். ஒருவர் ஈரோட்டு நாகம்மையார். பெரியார் ஈ.வெ.ரா.வின் துணைவியார். 1921ஆம் ஆண்டு கள்ளுக்கடை மறியலிலே பெண்களோடு தெருவில் இறங்கியவர். 1924ஆம் ஆண்டு வைக்கத்திலே, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர். 1933ஆம் ஆண்டு மறைந்தார். மற்றவர் கதையிலே வாழ்பவர். ஆர். சண்முகசுந்தரம் 1942ஆம் ஆண்டு எழுதிய 'நாகம்மாள்' நாவலின் தலைவி. கொங்கு நாட்டுக் கைம்பெண். மாண்டுபோன கணவனின் நிலத்திலே தன் பங்கைப் பிரித்துக் கேட்டவள். அந்தக் கேள்வியை ஊர் தாங்கவில்லை. ஒருவர் நடக்கும் உரிமையைக் கேட்டார். மற்றவள் நிலத்தில் உரிமையைக் கேட்டாள். நாகம்மா என்ற பெயரைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வராமல், இந்த இருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்குமானால், நமது கல்வி கல்வியாக இருந்திருக்கும்.

இனி நமக்கு எதிராக எழக்கூடிய கேள்விகள். எல்லாரும் தம் பெண்களுக்கு நாகம்மா என்று பெயர் வைக்க வேண்டும் என்கிறோமா? இல்லை. பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை. அதிலே கட்சியும் அரசும் கோயிலும் தலையிடுவதை நாம் ஏற்கோம். பாம்பு வணக்கத்தைப் பரப்புகிறோமா? அதுவும் இல்லை. நாகதோஷம் என்று சொல்லி ஏழைத் தாயிடம் பரிகாரக் காசு பறிப்பவர்களுக்கு நாம் பகைவரே. பெயரைத் தூய தமிழாக்கு என்கிறோமா? இல்லவே இல்லை. நாகம் எந்த மொழியின் வேர் என்று புலவர்கள் ஆராயட்டும். நமது பாட்டிமார் அதைத் தம் வியர்வையால் தமிழாக்கி நெடுங்காலமாகிறது. அப்படியானால் நாம் கேட்பதுதான் என்ன?

ஆசிரியத் தோழர்களைக் கேட்கிறோம். இடாப்பு உங்கள் கையிலே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவையேனும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் உரத்துச் சொல்லும் அதிகாரம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. அந்த ஒரு கணத்திலே உங்கள் உதட்டோரத்தில் நெளியும் சிரிப்பு, பிள்ளையின் மனத்தில் ஆயுள் முழுவதும் நெளியும். ஒரு காலத்தில் சாதிமான் 'அம்மா'வை வெட்டினான். இன்று நீங்கள் சிரிப்பினால் முழுப் பெயரையும் வெட்டுகிறீர்கள். கருவி மாறினாலும் காயம் ஒன்றுதான். சமஆசனத்துக்காகப் போராடிய ஆசிரியர்களின் வழித்தோன்றல்கள் நீங்கள். வாங்கிலே சமமாக அமர்த்திய பிள்ளையைப் பெயரிலே தரையில் இருத்தாதீர்கள்.

மாணவத் தோழர்களையும் கேட்கிறோம். உங்கள் ஊரிலே இன்னும் உயிரோடிருக்கும் நாகம்மாக்களிடம், வள்ளியம்மைகளிடம், செல்லாச்சிகளிடம் போய் இருங்கள். இந்தப் பெயரை யார் வைத்தார், ஊரார் உங்களை எப்படி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். யார் 'அம்மா' சேர்த்து அழைத்தார், யார் சேர்க்காமல் அழைத்தார் என்று மறக்காமல் கேளுங்கள். அந்த விடைகளிலே தீவகத்தின் சமூக வரலாறு கிடக்கிறது. கல்வெட்டுப் படிக்க ஊருக்கு ஓர் அறிஞர் போதும். இந்த வரலாற்றைப் படிக்க நூறு மாணவர் வேண்டும். கிழவிகள் காத்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் வள்ளத்திலும் அந்தத் தாயும் மகளும் இருந்தார்கள். மகளிடம் நாகையாரைப் பற்றியும் ஈரோட்டு நாகம்மையாரைப் பற்றியும் நமக்குத் தெரிந்த அளவு சொன்னோம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குறிகாட்டுவானில் இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டாள்: "உதை ஏன் எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை?"

எம்மிடம் விடை இருக்கவில்லை. ஆசிரியத் தோழர்களே, உங்களிடம் இருக்கிறதா?